4,600 ரூபாய் வித்தியாசம்: அண்ணன் கடையா, கைப்பேசியா?

காரைக்குடியை ஒட்டிய கிராமத்திலிருந்து 41 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். பூட்டிக் கிடக்கும் நகரத்தார் வீடுகளைப் பார்த்துக்கொள்வது அவர் பிழைப்பு. சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கும் குடும்பங்கள் 11 வீட்டுச் சாவியை அவரை நம்பிக் கொடுத்திருக்கின்றன. இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு தாண்டிக் கிணற்றடி வரைக்கும் மண்டும் புல்லையும் சீமைக்கருவேலங் கன்றுகளையும் அவர்தான் வெட்டி வைக்க வேண்டும். கார்த்திகை மழை ஓய்ந்ததும் வேலை பிடித்துக்கொள்ளும். நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்கும் தை மாதக் கல்யாணங்களுக்கும் வீட்டுக்காரர்கள் வந்து இறங்குவதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அந்த ஒன்றரை மாதத்துக்கு மட்டும் ஒரு பையனைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார். நாளுக்குச் செலவு போக 1,200 ரூபாய் நிற்கும் என்கிறார்.

புல்லும் புதரும் வெட்டும் பழைய பிரஷ் கட்டர் மிஷின் இந்த வருடம் தாங்காது. அப்பா காலத்திலிருந்து பழக்கமான மிஷின் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். 20 வருடத்துக்கு முன்பு அப்பாவுக்குக் கடனாகப் பம்ப்செட் கொடுத்த கடை அது. அண்ணன் ஒரு நான்கு ஸ்ட்ரோக் மிஷினை எடுத்து, ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணி, தோளில் மாட்டிவிட்டு, கடைக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் அரைமணி நேரம் வெட்டிப் பார்க்க விட்டிருக்கிறார். விலை 13,500. "பில் வேண்டாம்னா ஆயிரம் குறைச்சுக்கறேன்" என்றும் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்தால், மனைவி கைப்பேசியில் அதே மாதிரி மிஷினை 8,900 ரூபாய்க்குக் காட்டுகிறார்.

ஏற்கெனவே ஒரு சூடும் பட்டிருக்கிறார். 19 மாதத்துக்கு முன்பு இணையத்தில் மரம் அறுக்கும் செயின்சா ஒன்று வாங்கினார். வாரண்டி 6 மாதம். இரண்டாம் மாதமே செயினுக்கு ஆயில் போவது நின்று, செயின் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை சூடேறித் தேய்ந்துவிட்டது. "தொழிலுக்குப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது" என்று விற்றவர் பதில் அனுப்பினார். அப்புறம் அந்த விற்பனையாளரையே தளத்தில் காணோம். அண்ணன் கடைக்குத் தூக்கிப் போனால், "நம்ம கடையில வாங்கலையே, இதுக்கு ஸ்பேரும் வராது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மிஷின் இப்போது மாடிப்படிக்குக் கீழே சாக்கில் கிடக்கிறது.

"கடையில் ஓட்டிப் பார்த்துவிட்டு இணையத்தில் வாங்கினால் அது துரோகமா? அண்ணன் ரிப்பேர் பார்க்க மறுத்தது சட்டப்படி சரியா? இணையத்தில் வாங்கிப் பழுதானால் கேஸ் போட டெல்லிக்குத்தான் போக வேண்டுமாமே, உண்மையா? எனக்கெல்லாம் நுகர்வோர் உரிமை உண்டா, இல்லை தொழில் செய்கிறவனுக்குக் கிடையாதா?" இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரருக்கு,

துரோகம் என்ற சொல்லை முதலில் கீழே வைத்துவிடுங்கள். ஓட்டிப் பார்த்ததற்காக அந்தக் கடையிலேயே வாங்கியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அண்ணனும் வியாபாரம் பண்ணுகிறவர். பத்துப் பேருக்கு ஓட்டிக் காட்டினால் நான்கு பேர்தான் வாங்குவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் உங்கள் மனது உறுத்துவதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன். அந்த அரைமணி நேரமும் ஊற்றிய ஆயிலும் அவர் கைக்காசு. அவர் சொன்ன 13,500-க்குள் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வேறு இடத்தில் வாங்கிவிட்டு, நாளைக்கு ரிப்பேருக்கு அவரிடமே போய் நிற்பதுதான் கஷ்டம். கைப்பேசியில் இருக்கும் விலையை அவரிடமே காட்டிப் பேசுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அவர் செயின்சாவை ரிப்பேர் பார்க்க மறுத்தது சட்டப்படி தவறில்லை. தான் விற்காத பொருளைப் பழுதுபார்த்தே ஆக வேண்டும் என்று ஒரு தனிக் கடையைக் கட்டாயப்படுத்த முடியாது. ஒரே ஒரு விலக்கு: அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையம் என்று அவர் கடையில் பலகை இருந்தால், வாரண்டி நடப்பில் உள்ள பொருளை எங்கே வாங்கினாலும் அவர் பார்க்க வேண்டியிருக்கும், மறுத்தால் கம்பெனியைக் கேட்கலாம். உங்கள் விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை. கோபத்தை அவர்மேல் வைக்க வேண்டாம்.

நீங்கள் நுகர்வோர்தானா?

ஆமாம். இந்தக் கேள்வியில்தான் பாதிப் பேர் பயந்து புகாரே கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வணிக நோக்கத்துக்காக வாங்குகிறவரை நுகர்வோர் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்பை நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. 1995-இல் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. அந்த வழக்கில் மிஷின் வாங்கியவர் தோற்றார். அவர் வாங்கியது பல லட்சம் ரூபாய் மிஷின், அது பெரிய அளவுத் தொழிலுக்கு என்று கண்டார்கள். ஆனால், தன் பிழைப்புக்காக மிஷினைத் தானே ஓட்டுகிறவர் ஒன்றிரண்டு பேரைத் துணைக்கு வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்று அதே தீர்ப்பில் சொல்லியிருக்கிறார்கள். சீசனுக்கு ஒரு பையன் வைத்திருப்பதால் உங்களுக்கு ஒரு குறையும் வராது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நீங்கள் சட்டத்தின்படி நுகர்வோர் என்பது வேறு. வாரண்டி அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பது வேறு. "வீட்டு உபயோகத்துக்கு ஒரு வருடம், வாடகைக்கோ தொழிலுக்கோ என்றால் மூன்று மாதம்" என்று போடும் கம்பெனிகள் உண்டு. தொழிலுக்கு வாரண்டியே இல்லை என்று போடுவதும் உண்டு. அதை வாங்குவதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும்படி சொல்லியிருந்தால் அந்த நிபந்தனைக்கு வலு உண்டு. பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் மட்டும் பொடி எழுத்தில் இருந்தால், தளத்தின் பக்கத்தில் "6 மாத வாரண்டி" என்று மொட்டையாகப் போட்டிருந்தால், நாம் எதிர்த்து வாதாடலாம். உங்கள் செயின்சா இந்த இரண்டாவது வகை என்றே கடிதத்திலிருந்து தெரிகிறது.

ஆகவே புது மிஷினை எங்கே வாங்கினாலும், பணம் கட்டுவதற்கு முன்பு ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "நான் கூலிக்கு வெட்டுகிறவன், எனக்கு வாரண்டி எத்தனை மாதம்?" வாட்ஸப்பில் வந்த பதிலும் பதில்தான், அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்லிக்குப் போக வேண்டாம்

பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்தையோ பிரச்சினை நடந்த இடத்தையோ பார்த்துத்தான் வழக்குப் போட முடிந்தது. அந்த நினைவில்தான் உங்களிடம் யாரோ டெல்லி என்று சொல்லியிருக்கிறார்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். உங்களுக்குச் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். "எல்லா வழக்கும் பெங்களூருவில்தான்" என்று தளத்தின் நிபந்தனையில் எழுதியிருந்தாலும் இந்த உரிமை போகாது. 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. வக்கீலாக இருந்துகொண்டு நானே சொல்கிறேன், 8,900 ரூபாய்ப் பொருளுக்கு நீங்களே எழுதிக் கொடுப்பதுதான் நல்லது.

இணையத் தளங்களுக்கென்று 2020-இல் தனி விதிகளும் வந்தன. பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பனையாளர் சொல்ல முடியாது. தளத்தில் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பனையாளரின் பெயர், முகவரி, பொருள் எந்த நாட்டில் செய்தது என்பதெல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இத்தனை உரிமை இருக்கிறதே, அப்புறம் என்ன யோசனை என்று கேட்பீர்கள். காலம்தான். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்தில், பொருளைச் சோதனைக்கு அனுப்பினால் 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட இழுக்கும். சட்டம் உங்கள் பணத்தை மீட்டுக் கொடுக்கும், மார்கழி மாதத்தை மீட்டுக் கொடுக்காது.

பெட்டியில் வராதது

போன வருடம் ஒருவர் பழைய தினத்தாளில் எதையோ சுற்றிக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தார். பிரித்தால் ஒரு சின்ன பிஸ்டன். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக நகத்தால் பிராண்டியதுபோல் கோடு கோடாக இருந்தது. இணையத்தில் வாங்கிய நான்கு ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர். பெட்டியைப் பிரித்தார், பெட்ரோல் ஊற்றினார், கயிற்றை இழுத்தார், ஓடியது. பத்து நிமிடத்தில் நின்றது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனியாக ஆயில் ஊற்ற வேண்டும். பெட்டியில் வரும்போது பெரும்பாலும் ஆயில் இல்லாமல்தான் வரும். அந்த எச்சரிக்கை ஆங்கிலத்திலும் சீன மொழியிலும் இருந்தது. ஆயில் இல்லாமல் ஓட்டிப் பிஸ்டன் பிடித்துக்கொண்டால் எந்த வாரண்டியும் தாங்காது. எச்சரிக்கை தமிழில் இல்லையே என்று வாதாடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆயில் மூடியிலேயே படம் போட்டிருந்ததால் தைரியம் வரவில்லை; அவரை வெறுங்கையோடு அனுப்பியது எனக்கு இன்னும் வலிக்கிறது.

இரண்டு ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50-க்கு 1 என்றால் 20 மில்லி. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்களுக்கு இது தெரிந்திருக்கும், பையனுக்குத் தெரியுமா? இன்னொன்று, இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. சீசன் முடிந்து டேங்கில் பெட்ரோலோடு மாதக்கணக்கில் வைத்தால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு விறைத்துப்போகும். நாணயம் அளவுதான் இருக்கும் அந்தச் சவ்வு. விலை அதிகமில்லை. ஆனால் உங்கள் மாடலுக்கு ஏற்ற சவ்வு ஊரில் கிடைக்காவிட்டால் மிஷின் இரும்புக்குச் சமம். என் அலுவலகத்துக்கு வாங்கிய சின்ன ஜெனரேட்டருக்கு ஒரு கார்புரேட்டர் வந்துசேர 40 நாள் காத்திருந்தேன். எனக்கு அது அசௌகரியம், அவ்வளவுதான். உங்களுக்கு அது சீசன்.

கணக்கு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. விலை வித்தியாசம் 4,600. உங்களுக்கு நாளுக்கு நிற்பது 1,200. மார்கழியில் நான்கு நாள் மிஷின் நின்றால் வித்தியாசம் கரைந்துவிட்டது. ஆச்சி வந்து இறங்கும்போது கிணற்றடி காடாகக் கிடந்தால் போகும் பெயருக்கு நான் விலை போட முடியாது. சாவியைக் கொடுத்தவர்களின் நம்பிக்கைதான் உங்கள் முதல்.

அண்ணன் சொன்ன அந்த ஆயிரம்

கடையில் வாங்கினால் எல்லாம் பத்திரம் என்ற நினைப்பும் வேண்டாம். பில் இல்லாமல் ஆயிரம் குறைவாக வாங்கினால், நீங்கள் எந்தத் தேதியில், யாரிடம், எதை வாங்கினீர்கள் என்பதற்கு ஒரு சாட்சியும் இல்லை. கம்பெனி வாரண்டியும் பில் கேட்கும். பில் கொடுக்காமல் விற்பது சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும், நாளைக்குக் கடை மகன் கைக்குப் போனால்? சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம். பழுதான பொருளுக்கு அது செல்லாது. பில்லில் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். முதலில் மனைவி காட்டியது "அதே மாதிரி" மிஷினா, அதே மிஷினா என்று பார்ப்பேன். மாடல் நம்பர், சிசி, எடை மூன்றையும் அண்ணன் கடையில் இருப்பதோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். வண்ணமும் வடிவமும் ஒன்றாக இருக்கும், உள்ளே இன்ஜின் வேறாக இருக்கும். வேறு என்றால் 4,600 ரூபாய் வித்தியாசம் என்ற பேச்சே இல்லை, இரண்டும் இரண்டு பொருள்.

அதேதான் என்றால் அண்ணனிடம் போய் உட்காருவேன். 8,900-க்குக் கொடுங்கள் என்று கேட்க மாட்டேன். "13,500-இல் எனக்கு என்னென்ன சேரும்?" என்று கேட்பேன். முதல் சர்வீஸ், ஒரு பிளேடு, தோள் பட்டை, அந்த ரப்பர் சவ்வும் ஸ்டார்ட்டர் கயிறும் கடையில் எப்போதும் இருப்பு, அப்புறம் முக்கியமாக "மார்கழி, தையில் மிஷின் நின்றால் மூன்று நாளில் சரிசெய்து தருவேன், இல்லாவிட்டால் மாற்று மிஷின்" என்று பில்லின் பின்னால் ஒரு வரி, கடை முத்திரையோடு. இதற்கு அவர் சம்மதித்தால் 13,500 நியாயமான விலை. பேசினால் ஓர் ஐந்நூறு, ஆயிரம் பில்லோடேயே குறையவும் செய்யும். ஸ்பேர் வைப்பதில்லை, ரிப்பேருக்கு மதுரைக்குத்தான் அனுப்புவேன் என்று அவர் சொன்னால், பழக்கத்துக்காக மட்டும் 4,600 கூடக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். அப்போது இணையத்திலேயே வாங்கலாம். கம்பெனியே நேரடியாகவோ அதன் அங்கீகாரம் பெற்றவரோ விற்பதா என்று பாருங்கள். சர்வீஸ் மையம் மதுரையிலோ திருச்சியிலோ உண்டா என்று போன் போட்டுக் கேளுங்கள். இரண்டுமே ஏறத்தாழ 90 கிலோமீட்டர், போய்வர ஒரு நாள் போய்விடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது ஒட்டுநாடா வெட்டுவதிலிருந்து வீடியோ எடுத்து வையுங்கள்.

கண்ணாடி, கையுறை, நைலான் கயிறு போன்றவற்றை எங்கே விலை குறைவோ அங்கே வாங்கிக்கொள்ளுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

உங்கள் ஒன்றரை ஏக்கருக்குப் பிற்பாடு களையெடுக்கும் பவர் வீடர் வாங்கும் எண்ணம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அவசரப்பட்டு இணையத்தில் வாங்கிவிடாதீர்கள். வேளாண் பொறியியல் துறை மானியத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு, வரம்புக்கு உட்பட்டு, 50 சதவீதம் வரை கிடைக்கிறது. தமிழக அரசின் உழவன் செயலியில் பதிந்து, அனுமதி வந்த பிறகு, துறை ஏற்றுக்கொண்ட நிறுவனத்திடம் வாங்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டு பில்லை நீட்டினால் மானியம் வராது.

சாக்கில் கிடக்கும் செயின்சா

இதைத்தான் இந்த வாரமே செய்ய வேண்டும். நுகர்வோர் புகாருக்கு 2 ஆண்டு கெடு. பழுதானது இரண்டாம் மாதம் என்பதால் 17 மாதம் ஓடிவிட்டது, 7 மாதம்தான் மிச்சம். விற்பனையாளர் காணாமல் போனால் வழக்கும் போய்விட்டது என்று நினைத்திருக்கிறீர்கள், அப்படியில்லை. தளத்தில் உங்கள் கணக்கில் பழைய பில் இருக்கும், இறக்கி வையுங்கள். வாரண்டி கிடையாது என்று வந்த பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். குறைதீர் அலுவலருக்கு எழுதி, விற்பனையாளரின் முழு முகவரியைக் கேளுங்கள். வாங்கியவர் எழுத்தில் கேட்டால் தளம் அதைக் கொடுத்தாக வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். பல விஷயம் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையங்களில் இணையம் வழியாகப் புகார் கொடுக்கும் இ-ஜாக்ரிதி தளம் வழியாகச் சிவகங்கை ஆணையத்துக்குப் புகார் கொடுங்கள். விற்பனையாளர், தளம், பெட்டியின் லேபிளில் பெயர் இருக்கும் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் என்று மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். பொருளின் விலையோடு, மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சேர்த்துக் கேட்கலாம்.

மிஷினை மட்டும் யாரிடமும் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்லாதீர்கள். ஆணையம் அதைச் சோதனைக்கு அனுப்ப நேர்ந்தால் ஆயில் பம்ப் கை படாமல் இருக்க வேண்டும். சாக்கு இருக்கிறபடியே இருக்கட்டும், பையனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.